தண்ணீர் போகும் வழியில் ஹார்னி கவுண்டி

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தின் தென்கிழக்கில் இருக்கும் ஹார்னி கவுண்டியின் பரப்பு 10,000 சதுர மைலுக்கு மேல். 2020 கணக்கெடுப்பில் ஜனத்தொகை 7,495. அதிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் பர்ன்ஸ், ஹைன்ஸ் என்று ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சிற்றூர்களில் இருக்கிறார்கள். அவற்றைத் தாண்டினால் சேஜ்பிரஷ் புதர், கரும்பாறை, முள்கம்பி வேலி, மாடு. க்ரேன் என்ற ஊரின் அரசு உயர்நிலைப் பள்ளியில் விடுதி இருக்கிறது. பண்ணை வீடுகள் அவ்வளவு தள்ளித் தள்ளி இருப்பதால் பிள்ளைகள் வாரநாள்களில் அங்கேயே தங்கிப் படிக்கிறார்கள். தூரம் என்றால் என்ன என்பதை இந்த ஒரு விஷயமே சொல்லிவிடும்.

போர்ட்லேண்ட், பாய்சி பக்கம் இருப்பவர்கள் ஒரு நீண்ட வார இறுதியில் இங்கே போய் வந்துவிடலாம் என்று கிளம்புவார்கள். போகலாம், ஆனால் மூன்று இரவாவது வேண்டும். பெண்ட் நகரிலிருந்து பர்ன்ஸ் 130 மைல். பர்ன்ஸிலிருந்து தெற்கே ஃப்ரெஞ்ச்க்ளென் 60 மைல். அங்கிருந்து ஃபீல்ட்ஸ் இன்னொரு 50 மைல். பார்க்க வேண்டியவை எல்லாம் இந்தக் கோட்டை ஒட்டித்தான் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் பிரதான சாலையிலிருந்து ஒரு கிளைச்சாலை தள்ளி.

பெட்ரோல் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பர்ன்ஸிலோ ஹைன்ஸிலோ டேங்கை நிரப்பாமல் தெற்கே திரும்பாதீர்கள். ஃபீல்ட்ஸில் ஒரே ஒரு கடை. அதில் பம்ப் உண்டு, ஆனால் கடை நேரம் முடிந்தால் முடிந்ததுதான். நடுவில் ஃப்ரெஞ்ச்க்ளெனில் கிடைத்தால் அதிர்ஷ்டம், அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. பாதி டேங்க் காலியானால் 'காலி' என்று கணக்கு வைப்பதே இந்தப் பக்கத்து வழக்கம். செல்போன் சிக்னல் பர்ன்ஸைத் தாண்டி அரைமணி நேரத்தில் போய்விடும். வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள், காகித வரைபடம் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

இந்தக் கவுண்டியைப் புரிந்துகொள்ள ஒரே சாவி தண்ணீர். இங்கே ஓடும் ஆறுகளில் பல கடலுக்குப் போவதில்லை. வடக்கு மலைகளிலிருந்து சில்வீஸ் ஆறும், தெற்கே ஸ்டீன்ஸ் மலையிலிருந்து டானர் உண்ட் பிளிட்சன் ஆறும் இறங்கி, நடுவில் இருக்கும் பள்ளத்தில் தேங்கி மால்ஹூர், ஹார்னி ஏரிகளாகி, வெயிலில் ஆவியாகிப் போகின்றன. நல்ல பனி விழுந்த வருடம் ஏரி கரை மீறும். 1980களின் நடுவில் ஏரிகள் ஒன்றாகக் கலந்து, பண்ணைகளையும் சாலையையும் ரயில் பாதையையும் முழுக்கிவிட்டன. வறண்ட வருடத்தில் அதே ஏரி சேற்றுத் திட்டாகச் சுருங்கிவிடும். எந்த வருடம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து நீங்கள் பார்க்கும் ஊரே வேறு.

மார்ச் கடைசி, ஏப்ரலில் போனால் பர்ன்ஸைச் சுற்றியுள்ள புல்வெளிகளை முதலில் பாருங்கள். பண்ணைக்காரர்கள் பனி உருகிவரும் ஆற்று நீரை வாய்க்கால் வழியே திருப்பி, புல் நிலம் முழுக்கக் கணுக்கால் அளவுக்குப் பரப்பி விடுகிறார்கள். அவர்கள் நோக்கம் கோடையில் அறுத்துக் காயவைக்கும் புல், அதாவது மாட்டுக்குக் குளிர்காலத் தீனி. ஆனால் அந்த மெல்லிய தண்ணீரில்தான் வடக்கே போகும் வெண்பனி வாத்துகளும் சாண்ட்ஹில் பெருங்கொக்குகளும் ஆயிரக்கணக்கில் இறங்கி மேய்கின்றன. ஆழமான ஏரியைவிட இந்த நனைந்த வயல்தான் அவற்றுக்கு வசதி. புழுவும் விதையும் மேலாகவே கிடைக்கும். மாட்டுப் பண்ணையும் பறவையும் எதிரிகள் என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் இங்கே கொஞ்சம் குழம்பிப்போவார்கள். எல்லாம் தனியார் நிலம். சாலையோரம் முழுதாக ஒதுங்கி நிறுத்தி, காரை விட்டு இறங்காமல் ஜன்னல் வழியாகவே பாருங்கள். கதவு திறக்கும் சத்தத்தில் மொத்தக் கூட்டமும் எழுந்துவிடும், ஆனால் ஓடும் காரை அவை சட்டை செய்வதில்லை.

மால்ஹூர் வனவிலங்குப் புகலிடத்தின் தலைமையகம் பர்ன்ஸிலிருந்து தெற்கே 30 மைலுக்குச் சற்று மேல். 1900க்கு முன்பு பெண்கள் தொப்பிக்கு இறகு வேண்டும் என்று வேட்டைக்காரர்கள் இந்த ஏரியின் வெண்கொக்குகளை ஏறத்தாழ அடியோடு சுட்டுத் தீர்த்தார்கள். 1908இல் வில்லியம் ஃபின்லி, ஹெர்மன் போல்மன் என்ற இரண்டு புகைப்படக்காரர்கள் இங்கே வந்து தேடியும் ஒரு வெண்கொக்கு அகப்படவில்லை. அதே வருடம் ஆகஸ்ட் 18 அன்று குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஏரிகளைப் பறவைப் புகலிடமாக அறிவித்தார். ஆனால் ஏரியைக் காப்பாற்றினால் போதுமா? ஏரிக்கு வரும் ஆறு வேறொருவர் கையில் இருந்தது. மேலே தண்ணீரைத் திருப்ப, கீழே ஏரி வற்றியது. 1935இல் அரசு பிளிட்சன் பள்ளத்தாக்கையே விலைக்கு வாங்கிய பிறகுதான் புகலிடத்துக்குத் தண்ணீர் உறுதியானது. இப்போது மொத்தம் 1,87,000 ஏக்கர். 320 வகைக்கு மேற்பட்ட பறவைகள் பதிவாகியிருக்கின்றன.

மே மாதம் போகிறவர்கள் ஏரியைத் தேடி அலைய வேண்டாம். தலைமையகக் கட்டடங்களைச் சுற்றியுள்ள மரத்தோப்பில் ஒரு மணி நேரம் சும்மா நின்றாலே போதும். சுற்றிலும் பல மைலுக்கு மரமே இல்லாததால், இரவெல்லாம் பறந்து களைத்த சிறு பறவைகள் எல்லாம் இந்த ஒரே தோப்பில்தான் வந்து விழும். அங்கேயே ஒரு சின்ன அருங்காட்சியகம், கிட்டத்தட்ட 200 பதப்படுத்திய பறவைகளோடு. முதலில் அங்கே பார்த்துவிட்டு வெளியே தேடினால் அடையாளம் காண்பது சுலபம். ஏரியில் வாத்துகள் முன்போல இல்லை. காரணம் கார்ப் மீன். 1920களில் இந்த நீர்வழியில் விடப்பட்டது. அடித்தரையைக் கிளறிக் கிளறித் தண்ணீரைக் கலக்கிவிடுகிறது. வெளிச்சம் புகாததால் நீர்ச்செடி முளைப்பதில்லை, செடி இல்லாமல் வாத்துக்குத் தீனி இல்லை.

2016 ஜனவரி 2இல் ஆயுதம் ஏந்திய ஒரு கூட்டம் இந்தத் தலைமையகத்தைப் பிடித்து 41 நாள் வைத்திருந்தது. அந்தச் சமயத்தில் அவர்களில் ஒருவர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். கவுண்டியில் ஏறக்குறைய முக்கால்வாசி நிலம் மத்திய அரசுக்குச் சொந்தம், மாடு மேய்ப்பது அதில்தான். சண்டை அதைப் பற்றியது. வந்தவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள். உள்ளூரில் அண்ணன் தம்பிக்குள்ளேயே பேச்சு நின்றுபோகிற அளவுக்கு இது புண்ணாகிக் கிடந்தது. காபிக் கடையில் நீங்களாக இந்தப் பேச்சை எடுக்காமலிருப்பது நல்லது.

அந்த நிலத்துக்கு இன்னும் பழைய சொந்தக்காரர்கள் உண்டு. வடக்குப் பையூட் பழங்குடி மக்களின் வடடிகா பிரிவினர், ஏரிக்கரையில் விளையும் வடா என்ற செடியின் விதையைச் சேகரித்து உண்டவர்கள். 1872இல் அவர்களுக்கென்று அமைத்த மால்ஹூர் ஒதுக்கீட்டு நிலம், பன்னாக் பழங்குடியினருக்கும் ராணுவத்துக்கும் நடந்த 1878 பன்னாக் போருக்குப் பிறகு பறிபோனது. 1879 ஜனவரியில், கொட்டும் பனியில், ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள யாகிமாவுக்கு ஓட்டிச் சென்றார்கள். பர்ன்ஸ் ஊரை ஒட்டி அவர்களுக்குச் சிறு ஒதுக்கீட்டு நிலம் சட்டப்படி கிடைத்தது 1972இல்.

பையூட்டுகளுக்கு நிலம் ஒதுக்கிய அதே 1872இல்தான் பீட்டர் ஃப்ரெஞ்ச் கலிஃபோர்னியாவிலிருந்து 1,200 மாடுகளையும் ஆறு வகேரோக்களையும் கூட்டிக்கொண்டு பிளிட்சன் பள்ளத்தாக்குக்கு வந்தார். வகேரோ என்றால் மெக்சிகோ வழி வந்த மாட்டுக்காரர். அந்தச் சொல்தான் உள்ளூர் வாயில் 'பக்கரூ' ஆனது. இங்கே யாரையும் கௌபாய் என்று சொல்வதைவிட பக்கரூ என்று சொன்னால் முகம் மலரும். முதலாளி ஹியூ க்ளென் என்ற கலிஃபோர்னியா கோதுமைச் செல்வந்தர். ஃப்ரெஞ்ச் இங்கே இருந்த போர்ட்டர் என்பவரின் சிறு மந்தையை வாங்கினார். அதோடு வந்த 'பி' சூட்டுக்குறிதான், அதாவது மாட்டின் தோலில் சுட்டுப் போடும் அடையாளம்தான், பி ராஞ்ச் என்ற அவர் பண்ணையின் பெயருக்குக் காரணம். பிறகு இருபத்தைந்து வருடம் ஆற்றோர நிலத்தையெல்லாம் வளைத்தார். சதுப்பு நிலத்தை மலிவாக விற்கும் சட்டம் அதற்கு ரொம்பவே உதவியது. ஆற்றங்கரை கையில் இருந்தால் சுற்றியுள்ள வறண்ட மேய்ச்சல் நிலத்தை வாங்கவே தேவையில்லை. தண்ணீர் இல்லாமல் அதில் வேறு யார் மாடு வளர்ப்பது? குடியேறிகளோடு வழக்கு மேல் வழக்கு. 1897 டிசம்பர் 26 அன்று வழித்தகராறில் எட் ஆலிவர் என்ற குடியேறி அவரைச் சுட்டுக் கொன்றார். ஃப்ரெஞ்ச் கையில் துப்பாக்கி இல்லை. ஆனாலும் உள்ளூர் ஜூரி ஆலிவரை விடுதலை செய்தது. ஊர் யார் பக்கம் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஃப்ரெஞ்ச் விட்டுப்போனதில் கட்டாயம் பார்க்க வேண்டியது வட்டக் கொட்டகை. டயமண்ட் என்ற குட்டி ஊருக்கு வடக்கே, 1880 வாக்கில் கட்டியது. வெளி விட்டம் 100 அடி. உள்ளே எரிமலைக் கல்லால் கட்டிய 60 அடி விட்டமுள்ள வட்டத் தொழுவம். கல்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே 20 அடி அகல ஓடுபாதை. குளிர்காலத்தில் வெளியே பனி மூடிக் கிடக்கும்போது குதிரைக்குட்டிகளை இந்தப் பாதையில் சுற்றச் சுற்ற விட்டுப் பழக்கினார்கள். மூலையே இல்லாததால் மிரண்ட குதிரை ஒதுங்கி நிற்க இடம் கிடையாது, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வட்டமாகக் கட்டியதற்குக் காரணம் அவ்வளவுதான், அழகு அப்புறம் வந்து சேர்ந்தது.

உள்ளே போனதும் கண் இருட்டுக்குப் பழகும்வரை நில்லுங்கள். பிறகு நிமிர்ந்து பாருங்கள். நடுவில் 35 அடி உயர ஜூனிபர் மரத்தூண், அதிலிருந்து குடைக்கம்பிகள் மாதிரி விரியும் கைமரங்கள், அவற்றைத் தாங்கும் வட்ட வரிசைத் தூண்கள். கிளை வெட்டிய கணுக்கள் கூட செதுக்கப்படாமல் அப்படியே இருக்கின்றன. கூரைக்கு ஏறத்தாழ 50,000 மரச் சில்லுகள். மரத்தை ஏறக்குறைய 60 மைல் வடக்கிலிருந்து வண்டியில் இழுத்து வந்தார்கள். புகைப்படத்துக்கு மதிய வெயில் நேரம்தான் நல்லது, பலகை இடுக்குகளில் வெளிச்சம் கோடு கோடாக விழும்.

அங்கிருந்து பத்து நிமிடத்தில் டயமண்ட் க்ரேட்டர்ஸ். வைரம் எதுவும் கிடையாது. அந்தப் பெயர் ஒரு பண்ணையின் சூட்டுக்குறியிலிருந்து வந்தது. எரிமலைக் குழிகள், உடைந்த லாவா மேடுகள் எல்லாம் சில மைலுக்குள் நெருக்கமாகக் கிடக்கின்றன, காரிலேயே சுற்றிப் பார்க்கும் பாதை உண்டு. பாதையை விட்டுச் சக்கரத்தை இறக்காதீர்கள். சிண்டர் என்னும் எரிமலைச் சரளை கெட்டியாகத் தெரியும், அச்சு வரை புதைந்துவிடும். மால்ஹூர் மார் என்ற குழியில் மட்டும் ஊற்றுநீர் நிற்கிறது.

கைகர் மஸ்டாங் குதிரைகளைப் பார்க்கும் இடத்துக்கும் டயமண்டிலிருந்துதான் வழி. 1977இல் பீட்டீஸ் பியூட் பகுதியில் காட்டுக்குதிரைகளைப் பிடித்தபோது, மணல் நிறமும் முதுகுத்தண்டில் கருங்கோடும் காலில் வரிகளும் கொண்ட 27 குதிரைகள் தனியாகத் தெரிந்தன. பழைய ஸ்பானியக் குதிரைகளின் சாயல். அவற்றில் 20ஐக் கைகர் பகுதியிலும் 7ஐ ரிடில் மலையிலும் விட்டார்கள். இன்றிருப்பவை அந்த வம்சம். பாதை கரடுமுரடு, தரையிலிருந்து உயரமான வண்டி வேண்டும், மழை பெய்திருந்தால் முயலவே வேண்டாம். போனாலும் குதிரை தெரியும் என்று உத்தரவாதம் இல்லை. நிச்சயமாகக் குதிரை பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஹைன்ஸுக்கு வெளியே அரசின் காட்டுக்குதிரைத் தொழுவம் இருக்கிறது. கம்பிக்கு உள்ளே நிற்கும் குதிரைதான், ஆனால் அந்த முதுகுக்கோட்டை அருகில் பார்க்கலாம்.

ஃப்ரெஞ்ச்க்ளென் என்ற பெயரே இரண்டு முதலாளிகள் பெயரின் ஒட்டு. ஊர் என்றால் ஒரு பத்து வீடு. அங்குள்ள பழைய ஹோட்டல் 1920களில் கட்டியது, இப்போது மாநிலப் பாரம்பரியச் சின்னம். எட்டே அறை, பொதுக் குளியலறை. இரவுச் சாப்பாடு நீள மேசையில் எல்லோருக்கும் ஒன்றாக, ஒரே நேரத்தில், ஒரே சமையல். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். அந்த நேரத்தில் கேட்டால் ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான். இது மாட்டிறைச்சி நாடு, அரிசி குக்கரைக் கையோடு கொண்டுபோவது கேவலம் அல்ல. ஊருக்குப் பக்கத்திலேயே பி ராஞ்சின் மிச்சம்: வீடு 1947இல் எரிந்துபோய்ப் புகைபோக்கி மட்டும் நிற்கிறது, பக்கத்தில் நீளக் கொட்டகை, அறுத்த மாட்டைத் தூக்கிக் கட்டும் மரச் சக்கரம். சாயங்காலம் அங்குள்ள பழைய கண்காணிப்புக் கோபுரத்தில் பிணந்தின்னிக் கழுகுகள் வரிசையாக வந்து அடைவதைப் பார்க்கலாம். ஜூன் மாதம் என்றால் கொசு உங்களைத் தூக்கிக்கொண்டு போகும், முழுக்கைச் சட்டை இல்லாமல் இறங்காதீர்கள்.

ஸ்டீன்ஸ் மலைக்குப் போகும் சுற்றுச்சாலை ஃப்ரெஞ்ச்க்ளெனில்தான் தொடங்குகிறது. 52 மைல், முழுக்கச் சரளை. உச்சி 9,733 அடி. பூமியின் ஓடு விரிசல்விட்டு ஒரு விளிம்பு மட்டும் தூக்கிக்கொண்ட மலை இது, சாய்த்து வைத்த பலகை மாதிரி. மேற்குப் பக்கம் மெல்லச் சரிவதால் கார் ஏறுகிறது. ஏறிக்கொண்டிருப்பதே பாதி நேரம் தெரியாது. கிழக்கு விளிம்பில் போய் நின்றால் நிலம் முடிந்துபோய், ஒரு மைலுக்கும் கீழே ஆல்வோர்ட் பாலைவனம் வெள்ளையாக விரிந்திருக்கும். வழியில் கைகர் பள்ளத்தாக்கைத் தவற விடாதீர்கள். பனியாறு குடைந்து எடுத்த, 'U' எழுத்து வடிவப் பள்ளம். இவ்வளவு சுத்தமாக அந்த வடிவம் தெரியும் இடம் அரிது.

சாலையில் ஐந்து இடத்தில் கேட் உண்டு. பனி உருகுவதற்குத் தகுந்தபடி கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகத் திறப்பார்கள். உச்சி வரை திறக்க ஜூன் கடைசி, ஜூலை ஆகிவிடும். பனி அதிகமான வருடம் இன்னும் தள்ளும். அக்டோபர், நவம்பரில் மூடிவிடுவார்கள். கிளம்புமுன் ஹைன்ஸில் உள்ள நில மேலாண்மை அலுவலகத்தில் போன் செய்து கேட்பது ஒன்றே வழி. நேரம் குறைவென்றால் வடக்கு வழியாக ஏறி, கிழக்கு விளிம்பு வரை போய், அதே வழியில் திரும்புங்கள். உச்சியைத் தாண்டித் தெற்கே இறங்கும் ரூஸ்டர் கோம்ப் பகுதி செங்குத்து, குறுகல், ஒரு பக்கம் பள்ளம். சாதாரண செடான் அங்கே அடிவயிற்றைத் தட்டும், வீட்டு வண்டியை இழுத்துக்கொண்டு போகவே கூடாது. போகிறவர்களுக்குத் தெற்கு வழியில் ஒரு பரிசு உண்டு: ரிடில் சகோதரர்களின் பண்ணை. கல்யாணம் கட்டாத மூன்று சகோதரர்கள் லிட்டில் பிளிட்சன் ஆற்றோரம் வாழ்ந்த மரவீடுகள் அப்படியே இருக்கின்றன.

மலையில் மதியத்துக்கு மேல் இடி இறங்கும். டானர் உண்ட் பிளிட்சன் என்றால் ஜெர்மானிய மொழியில் இடியும் மின்னலும். 1864இல் புயலில் ஆற்றைக் கடந்த ராணுவத்தினர் வைத்த பெயர். ஆகவே உச்சி, விளிம்பு எல்லாம் காலையிலேயே முடித்துவிடுங்கள். வைல்ட்ஹார்ஸ் ஏரிக்கு இறங்கும் பாதை ஒன்றேகால் மைல் சொச்சம்தான், ஆனால் ஆயிரம் அடி இறக்கம். 9,000 அடி உயரக் காற்றில் திரும்ப ஏறுவதற்கு இறங்கியதைப் போல இரண்டு மடங்கு நேரம் வையுங்கள்.

டயர்தான் இந்தக் கவுண்டியில் அதிகம் கெடும் பொருள். சரளையில் உடைந்த பசால்ட் என்னும் எரிமலைக் கல் கத்தி மாதிரி. நடுவில் குத்தினால் பஞ்சர் ஒட்டலாம், பக்கச்சுவர் கிழிந்தால் ஒட்டவே முடியாது. டிக்கியில் இருப்பது சிறிய தற்காலிக ஸ்டெப்னி என்றால், அதில் 60 மைல் சரளை ஓட முடியாது. முழு அளவு ஸ்பேர் ஒன்று, காற்றடிக்கும் சிறு கம்ப்ரஸர் ஒன்று, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகை. சலவைப் பலகை மாதிரி வரிவரியாக இருக்கும் சாலையில் வேகமாகப் போனால் அதிர்வு தெரியாது என்பார்கள். உண்மைதான், ஆனால் பிரேக்கும் பிடிக்காது. 30 மைல் வேகத்துக்குள் போங்கள். இரவில் இன்னும் மெதுவாக. இது திறந்த மேய்ச்சல் நிலம், கறுப்பு ஆங்கஸ் மாடு கறுப்புத் தார்ச்சாலையில் படுத்திருக்கும். மோதினால் வண்டிச் செலவோடு மாட்டின் விலையும் உங்கள் தலையில் விழ வாய்ப்புண்டு. மந்தையை ஓட்டிக்கொண்டு வந்தால் ஹாரன் அடிக்காமல் நின்றுவிடுங்கள். குதிரையில் இருப்பவர் கை காட்டுவார், அப்போது நடை வேகத்தில் ஊடே போகலாம். வேலிக் கேட்டைத் திறந்தால், வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போக வேண்டும். நல்லெண்ணத்தில் திறந்த கேட்டை மூடிவிட்டு, மாடு தண்ணீருக்குப் போகும் வழியை அடைத்தவர்களும் உண்டு.

ஆல்வோர்ட் பாலைவனம் மழை மேகத்தை மறிக்கும் மலையின் மறைவில் இருப்பதால் மழை மிகக் குறைவு. ஒரு டஜன் மைல் நீளத்துக்குப் பாளம் பாளமாக வெடித்த களிமண் தரை. கிட்டி ஓ'நீல் 1976இல் இங்கேதான் ராக்கெட் வண்டியில் மணிக்கு 512 மைல் வேகம் தொட்டுப் பெண்களுக்கான சாதனை படைத்தார். அதை முறியடிக்க முயன்ற ஜெஸ்ஸி கோம்ப்ஸ் 2019 ஆகஸ்ட் 27 அன்று இதே தரையில் விபத்தில் இறந்தார். அவர் தொட்ட 522 மைல் வேகம் பின்னர் சாதனையாக ஏற்கப்பட்டது. காய்ந்திருந்தால் நீங்களும் ஓட்டலாம், கூடாரம் அடிக்கலாம். ஆனால் இறங்குமுன் காரை விட்டு நடந்து போய்க் குதிகாலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்தாலோ, மண் செருப்பில் அப்பினாலோ திரும்பிவிடுங்கள். மேலே காய்ந்த தோல், அடியில் கூழ். மாட்டிய வண்டியை இழுக்க ஆள் பர்ன்ஸிலிருந்து வர வேண்டும், பாதி நாளும் நல்ல தொகையும் போகும்.

பக்கத்தில் ஆல்வோர்ட் வெந்நீர் ஊற்று, தனியார் இடம், கட்டணம் உண்டு. தகரத் தடுப்புக்குள் சிமெண்ட் தொட்டியில் உட்கார்ந்து மலையைப் பார்க்கலாம். வடக்கே இருக்கும் மிக்கி ஊற்று அப்படியல்ல. அது கொதிநீர், ஓரத்து மண் மெலிந்த ஓடு. குழந்தை, நாய் இரண்டையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஃபீல்ட்ஸுக்கு அருகில் போராக்ஸ் ஏரி. பத்தே ஏக்கர். ஊற்றுநீரில் கரைந்து வரும் உப்பு படிந்து படிந்து கரை உயர்ந்து, ஏரி சுற்றியுள்ள தரையைவிட முப்பது அடி மேலே ஒரு கிண்ணம் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அதனால் கரையை மிதித்து உடைத்தால் ஏரியே வடிந்துவிடும் ஆபத்து உண்டு. 1898 முதல் 1907 வரை சீனத் தொழிலாளர்கள் இந்த உப்புப் பொருக்கைச் சுரண்டி, பெரிய தொட்டிகளில் காய்ச்சி, கோவேறு கழுதை வண்டிகளில் 130 மைல் தள்ளி நெவாடாவின் வின்னமக்கா ரயில் நிலையத்துக்கு அனுப்பினார்கள். துருப்பிடித்த தொட்டிகள் இன்னும் கிடக்கின்றன. உலகத்தில் வேறெங்கும் இல்லாத, இரண்டு அங்குல நீள சப் மீன் இந்த வெந்நீரில் வாழ்கிறது. 1982இல் அழியும் இனப் பட்டியலில் சேர்த்து, காப்பாற்றி, 2020இல் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். நீரில் ஆர்செனிக் இருக்கிறது. குடிக்க வேண்டாம், நாயையும் குடிக்க விட வேண்டாம்.

ஃபீல்ட்ஸ் கடையில் மில்க்ஷேக் பிரசித்தம். குடித்துவிட்டு, டேங்கை நிரப்பிக்கொண்டு, வந்த வழியிலேயே தார்ச்சாலையில் திரும்பலாம். அல்லது மலையின் கிழக்கடிவாரச் சரளைச் சாலையில் வடக்கே 78ஆம் நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். மழை மேகம் இருந்தால் முதல் வழி. எந்த வழி வந்தாலும் பர்ன்ஸ் சேர்ந்ததும் வண்டியின் அடிப்பாகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். அந்த வெள்ளைத் தூசி வெறும் மண் அல்ல, காரத்தன்மை உள்ள உப்பு. அப்படியே விட்டால் அடுத்த மழைக்குள் இரும்பைத் தின்னத் தொடங்கியிருக்கும்.